லோடு வண்டியா, காலி வண்டியா? மாதிரி லாரி கட்டத் தொடங்குவோருக்கு

ஓசூர்ப் பக்கமிருந்து வரும் வெறும் சேஸ்களைத் தொப்பூர் கணவாயிலோ சீலநாயக்கன்பட்டி பைபாஸிலோ பார்த்திருப்பீர்கள். கேபின் இருக்காது, பாடி இருக்காது. முன்னால் ஒரு மூக்கு, ஸ்டியரிங், இரண்டு நீள இரும்புச் சட்டம், சக்கரம், அவ்வளவுதான். குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றி, மேலே ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு டிரைவர் எதிர்காற்றில் ஓட்டிப் போவார். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைக்குள் போன பிறகுதான் அது லாரி ஆகும். நம் பக்கத்தில் லாரி 'வாங்கினேன்' என்பவர்களைவிட 'கட்டினேன்' என்பவர்கள் அதிகம்.

மாதிரி லாரி செய்ய வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வரிசையைத்தான். சேஸ், அப்புறம் சக்கரம், அப்புறம் கேபின், கடைசியில் பாடி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேபினில் கை வைக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது அதுதானே. நானும் ஒரு மாதம் உட்கார்ந்து கேபினை இழைத்தேன். அப்புறம் அவசரமாக ஒரு சேஸ் செய்து சக்கரம் மாட்டி மேசையில் வைத்தால், நாய் காலைத் தூக்கின மாதிரி ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. அந்தக் கேபின் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது.

பகலில் நான் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். தச்சு வேலையோ லேத் வேலையோ தெரியாது. ஆகவே இதில் சொல்லியிருப்பதெல்லாம் வீட்டு மேசையில், கையால் செய்யக்கூடியவை.

அடிக்கு அரை அங்குலம்

முதலில் அளவு விகிதம். கடையில் கிடைக்கும் லாரி கிட்கள் பலவும் 1:24 அல்லது 1:25. இத்தாலியின் இட்டாலெரி, ஜெர்மனியின் ரெவெல் எல்லாம் 1:24 பக்கம். அமெரிக்க ஏஎம்டி 1:25. ரிமோட்டில் ஓடும் டாமியா லாரிகள் 1:14. ரயில் செட்டோடு வைக்கிற குட்டி லாரிகள் 1:87.

நம் ஆட்களுக்கு 1:24தான் பொருத்தம் என்பது என் கட்சி. காரணம் எளிது. பாடி கட்டும் பட்டறையில் எல்லாக் கணக்கும் அடியில்தான். 1:24 என்றால் ஓர் அடிக்கு சரியாக அரை அங்குலம். '24 அடி பாடி' என்று மேஸ்திரி சொன்னால் உங்களுக்கு 12 அங்குலம், அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. கால்குலேட்டர் இல்லாமலே வேலை ஓடும்.

ஆனால் இடத்தை முதலில் பாருங்கள். 40 அடி கன்டெய்னர் 12.19 மீட்டர், 1:24இல் 508 மி.மீ. முன்னால் இழுவை வண்டியையும் சேர்த்தால் 70 செ.மீ. பக்கம் போய்விடும். என் முதல் டிரைலர் எந்த அலமாரியிலும் நுழையாமல் பீரோ தலைமேல் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

முதல் வண்டிக்கு டிரைலர் வேண்டாம். ஆறு சக்கர லாரி போதும்.

டேப்பை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போங்கள்

வெளிநாட்டு லாரிகளுக்கு வரைபடம் கிடைக்கும். நம்மூர் டாடாவுக்கும் லேலண்டுக்கும், அதுவும் பட்டறையில் கட்டிய பாடிக்கு, வரைபடம் யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் லாரியை நேரில் அளப்பதுதான் வழி. ஒரு டேப், ஒரு நோட்டு, போன் கேமரா. புகைப்படம் எடுக்கும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை நிறுத்தி எடுங்கள். அளக்க மறந்ததைப் பிறகு படத்திலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்ற லாரியை இப்படி அளந்துகொண்டிருந்தேன். டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

"ஏன் தம்பி, ஃபைனான்ஸ்ல இருந்து வந்திருக்கியா?"

"இல்லீங்கண்ணா. பொம்மை லாரி செய்யறனுங்க. அதுக்கு அளவு."

"பொம்மைக்கு எதுக்குக் கீழ பூந்து ஹவுசிங்கெல்லாம் அளக்கற?"

சொன்னேன். நம்பினாரா தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஸ்பிரிங் பட்டையைக் காட்டினார். "இப்ப லோடு இருக்குது, பட்டை நேரா நிக்குது. இறக்கிட்டா வில்லு மாதிரி வளைஞ்சு வண்டி மேல வந்துரும். நீ செய்யறது லோடு வண்டியா, காலி வண்டியா?"

அதுவரை நான் யோசிக்கவே இல்லாத கேள்வி. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் முதல் துண்டு வெட்டுவதற்கு முன் இதை முடிவு செய்யச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் வளைவு, பின் பாடி தரையிலிருந்து நிற்கும் உயரம், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி, டயர் அடியில் பிதுங்குவது, தார்ப்பாய் மூடியா மடித்தா என்பது, தூசி எங்கே படியும் என்பது எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. காலி வண்டி ஸ்பிரிங்கை வைத்துவிட்டு மேலே மூட்டை அடுக்கினால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவர்கள்கூட 'பொம்மை மாதிரி இருக்கு' என்பார்கள்.

நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை: முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள நீளம், டயரின் விட்டம், சேஸின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு, பாடியின் நீள அகல உயரம், பின் ஆக்சிலுக்கு அப்பால் பாடி எவ்வளவு நீட்டியிருக்கிறது. வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளப்பது மரியாதை. பாதுகாப்பும்கூட.

சாமான்கள்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்

உலகம் முழுக்க இந்த வேலைக்கு ஸ்டைரீன் ஷீட் என்ற பிளாஸ்டிக் தகட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். கத்தியால் ஒரு கீறு போட்டு மடக்கினால் கோடு போட்டாற்போல உடையும். அதற்கான பசை இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். ஆன்லைனில் வாங்கலாம். 0.5, 1, 1.5 மி.மீ. மூன்று கனமும் கொஞ்சம் இருந்தால் போதும்.

பழகுவதற்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் மிஞ்சும் 3 மி.மீ. சன்போர்டு துண்டு தரை, பாடிக்கு ஆகும். கல்யாணப் பத்திரிகைகளில் வரும் கெட்டி அட்டையை வெட்டி, அதில் ஃபெவிக்விக் வகைப் பசையை ஊறவிட்டால் பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். ராவலாம், துளை போடலாம். காபி கலக்கும் மரக்குச்சி பாடிப் பலகை. தீர்ந்துபோன பேனா ரீஃபில் சைலன்சர் குழாய். பழைய சார்ஜர் கேபிளைப் பிரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர்கள் ஏர் பிரேக் ஹோஸ்கள். பேக்கிங் பட்டையை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒழுங்காக நிற்காது.

கருவிகளுக்கு நம் ஊர் கொடுத்து வைத்தது. சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை உண்டு. அதற்கான சாமான் விற்கும் கடைகளும் உண்டு. ஊசி அரம், நுனி மெலிந்த சாமணம், நகை அறுக்கும் மெல்லிய வாள், 0.5 மி.மீ. துளை ஊசி எல்லாம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மணி நேரம் அலைந்தால் கையில் இருக்கும். வெளியூர் நண்பர்கள் இவற்றை ஆன்லைனில் தேடி வரவழைக்கிறார்கள். கொலுசுச் சங்கிலியின் அறுந்த துண்டு கிடைத்தால் விடாதீர்கள், டிரைலரில் சரக்கைக் கட்டும் சங்கிலி அளவுக்கு அது கச்சிதம்.

இவற்றோடு ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், பிளேடு மாற்றும் கத்தி, 220, 400, 800 நம்பர் உப்புத்தாள், அடியில் வைத்து வெட்ட ஒரு ரப்பர் பாய்.

பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உடனடியாக ஒட்டும் அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் கொதிக்கிற சூடு கிளம்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு உட்கார்ந்து டியூபைக் கவிழ்த்துக்கொண்டேன். தொடையில் எட்டணா அளவுக்குத் தழும்பு. மடியில் வைத்து வேலை செய்யாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சேஸ்

லாரி சேஸ் என்பது ஏணி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். சட்டத்தின் வெட்டுமுகம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல. வாய் உள்பக்கம் பார்க்கும். 1 மி.மீ. ஷீட்டில் அகலப் பட்டை ஒன்று, குறுகிய பட்டை இரண்டு வெட்டி ஒட்டினால் ஒரு சட்டம். இரண்டு சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டேப் ஒட்டிச் சேர்த்தே ராவுங்கள், சேர்த்தே துளை போடுங்கள். தனித்தனியாகச் செய்தால் எங்கோ அரை மி.மீ. ஓடிவிடும்.

பெரும்பாலான லாரிகளில் சட்டங்களின் வெளி அகலம் 1:24இல் ஏறக்குறைய 35 மி.மீ. வரும். உங்கள் நோட்டில் வேறு அளவு இருந்தால் நோட்டை நம்புங்கள். குறுக்குச் சட்டங்களை ஒட்டியதும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் ஏணி நேராக இருக்கிறது. இல்லையென்றால் பசை இறுகுவதற்குள் கையால் தள்ளிச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்பிரிங் பட்டைகளுக்கு அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டை. 3 மி.மீ. அகலத்தில் ஒன்றைவிட ஒன்று குட்டையாக எட்டுப் பத்துப் பட்டை வெட்டுங்கள். காலி வண்டி என்றால் ஒரு பாட்டில் மேல் வளைத்து ரப்பர் பேண்ட் போட்டு, லோடு வண்டி என்றால் மேசைமேல் கிட்டத்தட்ட நேராக வைத்துப் பசை ஊற்றுங்கள். அடுக்கின் விளிம்பை ராவி மழுப்பிவிடாதீர்கள், அந்தப் படிக்கட்டு தெரிய வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. ஒரு கண்ணாடித் தகடு வாங்குங்கள், பழைய முகம் பார்க்கும் கண்ணாடியும் ஆகும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்க்க அரால்டைட் போல மெதுவாக இறுகும் பசையைப் போட்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியைக் கண்ணாடிமேல் நிறுத்தி, சேஸின் மேல் ஒரு டார்ச் பேட்டரியை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். ஆறு சக்கரமும் கண்ணாடியைத் தொட்டபடியே பசை இறுகும். காலையில் ஒரு காகிதத் துண்டை ஒவ்வொரு டயர் அடியிலும் சொருகிப் பாருங்கள். எங்கும் நுழையக்கூடாது. நாய் கால் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இது.

சக்கரம், இங்கே அவசரப்படாதீர்கள்

லாரியைத் தரையோடு தொடர்புபடுத்துவது சக்கரம்தான். கண்ணும் அங்கேதான் முதலில் போகும்.

நம் லாரிகளில் வெகுகாலமாக ஓடும் 10.00-20 டயரின் விட்டம் ஏறக்குறைய 105 செ.மீ. நமக்கு 44 மி.மீ. அகலம் 11 முதல் 12 மி.மீ. இதை ரப்பர் செருப்பில் செய்யலாம். சின்ன வயதில் செருப்பை வட்டமாக வெட்டி வண்டி ஓட்டாதவர்கள் யார்? அதே வித்தை, கொஞ்சம் நாகரிகமாக. அடிப்பாகத்தில் 46 மி.மீ. வட்டம் போட்டு வெட்டி, நடுவில் போல்ட் நட்டுப் போட்டு இறுக்கி, டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளைக் காட்டுங்கள். ஒரே நிமிடத்தில் வட்டம் உருளும், கனமும் குறையும். முகமூடி இல்லாமல் செய்யாதீர்கள். ரப்பர் தூள் மூக்கில் இரண்டு நாள் இருக்கும்.

டயர் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், விஷயத்தில் ஒரு நுணுக்கம். லோடு லாரியின் முன் டயரில் பெரும்பாலும் நீளக் கோடுகள்தான், பின் டயரில்தான் குறுக்கே கட்டை கட்டையாகப் பட்டன். முன் டயரின் கோட்டுக்கு, சுழலும்போதே நகை வாளின் பல்லைத் தொட்டுக் காட்டினால் போதும். பின் டயருக்கு முக்கோண அரத்தால் ஒவ்வொன்றாக ராவ வேண்டும். ஆறு சக்கர வண்டியில் பின்னால் நான்கு டயர். உள்டயர் இரண்டும் கண்ணில் படாது. அவற்றை வழுக்கையாகவே விட்டுவிடுங்கள். நிஜ லாரிகளிலும் உள்டயர் வழுக்கையாக ஓடுவது புதிதில்லை.

20 அங்குல ரிம் நமக்கு 21 மி.மீ. கோட் சட்டையில் தைக்கும் பட்டன் 20 மி.மீ.யில் கிடைக்கும், சுற்றி அட்டை வளையம் ஒன்று போட்டால் ரிம். 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ரிம்மை அதில் எடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நட்டு எத்தனை என்று மட்டும் உங்கள் படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறு ஒன்று. முன் சக்கரத்தின் ரிம் வெளியே பிதுங்கித் தெரியும். பின் சக்கரத்தின் வெளி ரிம் கிண்ணம் போல உள்ளே குழிந்திருக்கும். ஒரே ரிம்மைத்தான் திருப்பி மாட்டுகிறார்கள். இரட்டைச் சக்கரம் முதுகோடு முதுகு ஒட்ட வேண்டுமே. நான்கு பக்கமும் ஒரே மாதிரி ரிம் போட்ட லாரியை எனக்கு நாலடி தள்ளியே தெரியும்.

லோடு வண்டி என்றால் டயரின் அடியை அரை மி.மீ. தட்டையாக ராவுங்கள்.

கேபினும் பாடியும்

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் மீதி தானே வரும். பட்டறைக் கேபின் பெரும்பாலும் தட்டைத் தகடும் நேர்க்கோடுமாக இருப்பதால் வெளிநாட்டு லாரிகளைவிட வெட்டுவது சுலபம். காகிதத்தில் வெட்டி டேப் ஒட்டி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் அதையே ஷீட்டின்மேல் வைத்துக் கீறுங்கள். உள்ளே டிரைவர் சீட், நடுவில் என்ஜின் மூடி, பின்னால் படுக்கைப் பலகை, டாஷ்போர்டில் சாமி படம். கூரையை ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் பெயிண்ட் அடித்து முடியுங்கள், பிறகு விரல் நுழையாது.

கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஷீட். அதை உடனடிப் பசையால் ஒட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் தொட்டு ஒட்டுங்கள், காய்ந்தால் தெரியாது.

பாடியில் பலகை அடுக்கும்போது காபிக் குச்சிகளை ஒட்டுவதற்கு முன்பே சாயம் ஏற்றுங்கள். பசை பட்ட மரம் சாயம் குடிக்காது. கயிறு கட்டும் கொக்கிகளைக் குண்டூசியை வளைத்துச் செய்யலாம். இடைவெளியை அடைக்க, உடனடிப் பசையின்மேல் சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகிவிடும். உடனே ராவுங்கள், மறுநாள் ராவினால் கை வலிக்கும்.

டிரைலருக்குப் போகிறவர்களுக்கு

மூன்றாவது வண்டிக்கு மேல் டிரைலர் ஆசை வரும். சேலம் உருக்காலைப் பக்கம் காயில், அதாவது உருக்குத் தகட்டுச் சுருள், ஏற்றி நிற்கும் தட்டை டிரைலர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது.

அரை மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் சட்டம் சேலத்து வெயிலில் தொய்ந்துவிடும். உள்ளே ஒரு அலுமினியப் பட்டையையோ, உடைந்த ஹேக்ஸா பிளேடுகளையோ நிமிர்த்தி வைத்து ஒட்டி மூடுங்கள். தட்டை டிரைலர்களில் பல, காலியாக நிற்கும்போது நடுவில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும், லோடு ஏறினால் நேராகும். காலி டிரைலர் என்றால் நடுவில் 1 மி.மீ. தூக்கி வையுங்கள். பழைய கேள்விதான் திரும்ப வருகிறது.

டிரைலரையும் முன்வண்டியையும் இணைக்கும் கிங்பின் நிஜத்தில் 2 அங்குலம். நமக்கு 2 மி.மீ. ஆணி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். வண்டி திரும்பும்போது டிரைலரின் முன்மூலை வட்டம் போடும். உதாரணத்துக்கு, டிரைலர் பாதி அகலம் 51 மி.மீ., முன்விளிம்பிலிருந்து கிங்பின் 38 மி.மீ. உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 64 மி.மீ. கிங்பின்னிலிருந்து கேபினின் முதுகு அதைவிடத் தள்ளியிருந்தால்தான் மூலை இடிக்காது. நான் கணக்குப் போடாமல் ஒட்டிய வண்டி நேர்ரோட்டில் மட்டும் போகும்.

காயிலுக்கு, தீர்ந்த செல்லோடேப் வளையத்தில் பத்திரிகைத் தாளை நெருக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் சமையலறை அலுமினியத் தாள். ஒரு சுருக்கமும் விழாமல் சுற்ற வேண்டும். மனைவியின் சப்பாத்திக் கட்டையை உருட்டித் தேய்த்தால் சுருக்கம் போகும்.

பெயிண்ட்: கீழே வெயில், மேலே மூடுபனி

சாம்பல் பிரைமர் முதலில். ஸ்ப்ரே டப்பாவை 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, வண்டிக்கு வெளியே தொடங்கி, வண்டியைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். மெல்லியதாக மூன்று கோட். ஒரே மூச்சில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். எனாமல் பெயிண்ட்டின் மேல் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் கீழே இருப்பது சுருங்கிக்கொண்டு வரும். லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். தெர்மாகோல் எங்காவது இருந்தால் ஸ்ப்ரேயைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும்.

சேலத்தில் சித்திரை வைகாசியில் பகல் பதினோரு மணிக்கு மாடியில் ஸ்ப்ரே அடித்தால் துளி வண்டியில் படுவதற்குள்ளேயே காய்ந்து, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று உட்காரும். காலை ஆறு, ஏழு மணி நல்ல நேரம். 'சரி, குளிர்ச்சியாக இருக்கிறதே' என்று ஒரு தடவை ஏற்காட்டில் உறவினர் வீட்டு வராந்தாவில் வைத்து அடித்தேன். பத்து நிமிடத்தில் மூடுபனி வந்தது. கருநீலக் கேபின் முழுக்கப் பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் அது பெயிண்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரமில்லாத ஒரு நாளில் லேசாக இன்னொரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்குச் சரியானது, கூரை ஓரத்தைத் தவிர.

பழைய நேஷனல் பெர்மிட் லாரிகளின் காய்ந்த இலைப் பழுப்பு நிறத்தைப் பாதிப் பேர் சிவப்பாக அடித்துவிடுகிறார்கள். படத்தை வைத்துக் கலக்குங்கள். ஒளிரும் பட்டைகளில் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு; நிஜத்தில் 5 செ.மீ., நமக்கு 2 மி.மீ. நம்பர் பிளேட் 340க்கு 200 மி.மீ., நமக்கு 14க்கு 8. மஞ்சளில் கறுப்பு எழுத்து. சேலம் மேற்கு என்றால் டிஎன் 30, சங்ககிரி டிஎன் 52, நாமக்கல் டிஎன் 28. மீதி எண்ணை நீங்களே கற்பனை செய்யுங்கள், தெருவில் பார்த்த நிஜ எண்ணைப் போடாதீர்கள்.

எழுத்துகளைப் பிரிண்டரில் எடுக்கும்போது வெள்ளை எழுத்து வராது, பிரிண்டரில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை ஸ்டிக்கர் தாளில் சுற்றியுள்ள நிறத்தை அச்சடித்து, எழுத்தை வெறுமையாக விட வேண்டும்.

முன் பம்பரில் எலுமிச்சம்பழம் கட்ட நினைத்தால், 4 செ.மீ. பழம் நமக்கு 1.7 மி.மீ. கடுகு ஒன்றுக்கு மஞ்சள் பூசுங்கள்.

தூசியும் லோடும்

பளபளவென்று விட்டுவிடாதீர்கள். ஏற்காட்டு மலைப்பாதை ஓரத்துச் செம்மண்ணை ஒரு பிடி எடுத்து, பழைய வேட்டித் துணியில் மூன்று முறை சலித்து டப்பாவில் வைத்திருக்கிறேன். இருபது கொண்டை ஊசியும் இறங்கி வந்த டிப்பர் என்றால் இதைவிட நல்ல பெயிண்ட் எந்தக் கடையிலும் இல்லை. மட்ஃப்ளாப், பின் சக்கரத்தைச் சுற்றி, கேபின் கீழ்ப்பகுதி, டேங்கின் அடி ஆகிய இடங்களில் காய்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். மேலே மேட் வார்னிஷ் லேசாக. வார்னிஷ் பட்டால் மண் கருத்துவிடும், அதை மனதில் வைத்து ஒரு படி வெளுப்பாகவே தடவுங்கள்.

செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் வண்டி என்றால் தூசி வெள்ளை. சாக்பீஸ் தூள் ஆகும், ஆனால் வார்னிஷ் அடித்ததும் பாதி மறைந்துபோகும். அதனால் வார்னிஷ் முடிந்த பிறகு இன்னொரு தடவை தூவிக்கொள்ளுங்கள். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறை மட்டும் பளபளப்பாக இருக்கட்டும். டிரைவர் ஏறும் படியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தூவினால் மாவு மில்லில் நின்ற வண்டி போல ஆகிவிடும்.

லோடுக்கு வருவோம். ஜவ்வரிசி மூட்டை வண்டி ஒன்று செய்தேன். 38க்கு 23 மி.மீ. குட்டிப் பைகளைத் தைத்து, நிஜத்தன்மை வேண்டும் என்று உள்ளே ரவையைப் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் வண்டு வைத்து, ஒரு மூட்டை தானாக நகர்ந்தது. மகள் பயந்துவிட்டாள். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மரவள்ளிக்கிழங்கு லோடு என்றால் எம்சீலை 12 மி.மீ. அளவுக்குக் கோணல்மாணலாக உருட்டி, காபித்தூளில் புரட்டி எடுக்கலாம். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து லோடின்மேல் போர்த்துங்கள். காயும்போது அதுவே மடிப்பு விழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் நூல் கயிறு.

முடித்ததும் லாரி ஓட்டும் ஒருவரிடம் காட்டுங்கள். மாடல் செய்கிறவர்கள் பெயிண்ட்டைப் பார்ப்பார்கள், டிரைவர்கள் வேறு எதையோ பார்ப்பார்கள். நான் அதே டீக்கடைக்கு அந்த மூட்டை வண்டியை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். அவர் கேபினைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஸ்பிரிங் பட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் டேங்கில் விரலை வைத்தார்.

"மூடிக்குப் பூட்டு போடல பாரு தம்பி. ராத்திரி எங்கயாச்சும் நிறுத்துனா டீசல எடுத்துருவானுங்க."

அன்று இரவு கொலுசுக் கம்பியை வளைத்து 2 மி.மீ. பூட்டு ஒன்று செய்து மாட்டினேன்.